ஆமென் சொல்லாத ஜெபம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபை சலோமி அக்கா. போன வருஷம், சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், கோயில் வளாகத்தில் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

அக்கா, களக்காட்டுப் பக்கம் ஒரு பயிற்சி வீட்டில் சமையல் பார்க்கிறவர். வெளிநாட்டு ஊழியத்துக்குக் குழுவாகப் போகிறவர்கள், புறப்படும் முன்னால் இருபது நாள் அங்கே தங்கிப் பழகுவார்கள். பழக்குகிறவர் ஜெனிட்டா சிஸ்டர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. கடல் தாண்டி ஒரு மலைநாட்டில் எட்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர்.

அந்த நாட்டின் பெயரை அவர்கள் வெளியே சொல்வதில்லை. அங்கே இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு வந்துவிடுமாம். எனக்கும் தெரியாது.

அந்தப் பயிற்சி வீட்டுக்கு ஒருநாள் கோயில்பிள்ளை என்று ஒரு சார் வந்தார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஐம்பத்தெட்டு வயது. கக்கத்தில் ஒரு தடித்த ஃபைல்.

"சிஸ்டர், எனக்கு ஒரே ஒரு கேள்விதான்."

"கேளுங்க சார்."

"பன்னிரண்டு பிரசங்கம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். அங்க போய் எதை முதல்ல சொல்லணும்?"

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"முதல்ல சாப்பிடுங்க."

அன்றைக்குச் சோறு, குழம்பு, வறுத்த சாளை மீன். சிஸ்டர் சாரையே ஜெபிக்கச் சொன்னார்.

சார் கண்ணை மூடினார். சோற்றுக்காக ஜெபித்தார். சமைத்த கைகளுக்காக ஜெபித்தார். மீன் பிடித்தவர்களுக்காக, கடலுக்காக, அதிகாரிகளுக்காக, வடதேசத்து ஊழியர்களுக்காக, பனிப்பிரதேசத்து ஊழியர்களுக்காக ஜெபித்தார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார்.

தட்டில் சோறு இருந்தது. மீன் இல்லை.

"என் மீனு எங்க?"

"பூனை வந்துச்சு சார்."

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப ஜெபம் பண்ணலியா?"

"பண்ணினேனே. கண்ணைத் திறந்துக்கிட்டு."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பனிப்பிரதேசம் வரைக்கும் போயிட்டீங்க. அவ்வளவு தூரத்துல இருக்கிறவரை எப்படிக் கூப்பிட?"

அடுப்படியில் சலோமி அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் இன்னும் இரண்டு மீனைக் கொண்டுபோய் வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சிஸ்டர் சொன்னார்.

"உங்களுக்கு ஒரே பாடம்தான் சார். கண்ணைத் திறந்து ஜெபிக்கணும். இருபது நாள் தாரேன். வந்துட்டா உங்க பேரைக் குழுவுல எழுதுவேன். வரலைன்னா எழுத மாட்டேன்."

"என்ன சிஸ்டர், விளையாடுதீங்களா?"

"இல்லை சார்."

சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால ஒரு கன்வென்ஷன் கூட்டம். பிரசங்கியார், 'கடல் தாண்டிப் போக ஆயத்தமா இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க'ன்னார். நான் எழுந்து நின்னேன். அத்தனை பந்தலும் என்னையப் பாத்துச்சு. எங்கம்மா அழுதா."

"பிறகு?"

"பிறகு வேலை கிடைச்சுது. கல்யாணம். மூணு பொம்பளைப் பிள்ளைங்க. போகல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பவும் கன்வென்ஷனுக்குப் போறேன் சிஸ்டர். அழைப்புக் குடுக்கிற நேரம் வந்துட்டா, மெதுவா வெளிய போயி செருப்பைத் தேடுத மாதிரி நின்னுருவேன். எல்லாரும் உக்காந்த பிறகுதான் உள்ள வருவேன். எத்தனை வருஷம் செருப்பைத் தேட? இந்தத் தடவை போகலைன்னா இனிமே உடம்பு விடாது."

சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப கண்ணைத் திறங்க சார்" என்றார்.

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. "பரலோகத்தில் இருக்கிற" என்று ஆரம்பித்ததுமே இமை தானாக இறங்கிவிடும்.

"சின்னப் பிள்ளையில இருந்து வந்த பழக்கம் சிஸ்டர். ஸ்கூல்ல காலை ஜெபத்துல கண்ணைத் திறக்கிற பிள்ளைங்களை நானே தலையில குட்டியிருக்கேன்."

"அவங்க திறந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"



அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

ஒன்பதாம் நாள் சார் வந்து முறையிட்டார்.

"திறந்துட்டேன். ஆனா பிரயோஜனம் இல்லை. மனசு ஓடுது."

"எங்க ஓடுது?"

"சலோமியம்மா காலுக்கு ஓடுது. குதிகால் பூரா வெடிப்பு. ரத்தம் தெரியுது. ஒன்பது நாளா அந்தக் கால்தான் எனக்குச் சோறு கொண்டாந்து வச்சிருக்கு. இன்னைக்குத்தான் பாத்தேன்."

"ம்."

"அதைப் பாத்ததும் ஜெபம் எங்க விட்டேன்னு மறந்துட்டு."

சிஸ்டர் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டார்.

சாயங்காலம் சார் கடைத்தெருவுக்குப் போய் ஒரு களிம்பு வாங்கிக்கொண்டு வந்தார். அடுப்படி வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலப் போய்விட்டார். இதைச் சொல்லும்போது சலோமி அக்கா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்மவன்கூட அந்த வெடிப்பைப் பாத்ததில்லட்டி" என்றார்.

இருபதாம் நாள் சாப்பாட்டு நேரம். சார் ஜெபித்துக்கொண்டே, குரல் மாறாமல், இடது கையால் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பூனை ஏமாந்து போனது.

சிஸ்டர் உள்ளே போய் அவர் பெயரை எழுதினார்.

புறப்படுகிற அன்று சார் கேட்டார். "எந்தப் பிரசங்கம்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"ஃபைலை இங்க வச்சிட்டுப் போங்க சார். அந்த மலை ஏத்தத்துல கனக்கும்."

மூன்று வாரம் கழித்துச் சார் திரும்பி வந்தார். நேரே பயிற்சி வீட்டுக்குத்தான் வந்தார். கருத்து, மெலிந்து போயிருந்தார்.

சலோமி அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். சார் தொடவில்லை.

"சிஸ்டர், நான் தோத்துட்டேன்."

"உக்காருங்க சார்."

"குழுவுல மத்தப் பிள்ளைங்க எல்லாம் நல்லா ஊழியம் செஞ்சாங்க. ஒருத்தன் பாட்டுச் சொல்லிக் குடுத்தான். நர்ஸ் பிள்ளை வீடு வீடா மருந்து குடுத்துச்சு. நான்தான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ரெண்டாம் நாளே ஏத்தத்துல பிந்திட்டேன். இளைப்பு. பிள்ளைங்க முன்னால போயிட்டாங்க. ஒரு வீட்டு வாசல்ல பொத்துன்னு உக்காந்துட்டேன். கையைக் காட்டித் தண்ணி கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

"ஒரு பொம்பளை குடுத்தா. நான் மூச்சு வாங்குறதைப் பாத்துட்டு, கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டா. உள்ள அவ அப்பா. பாயில மல்லாக்கப் படுத்திருந்தார். அவருக்கும் என்னைய மாதிரியே இளைப்பு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. ஜெபிக்க ஆரம்பிச்சேன்."

"கண்ணை?"

"திறந்துதான் சிஸ்டர். அவரு எழும்பப் பாத்தார். சரி, ஜெபத்துக்கு மரியாதை குடுக்கார்னு நெனச்சேன். 'பரவாயில்லை, படுங்க படுங்க'ன்னு தோளைப் பிடிச்சு அமுக்கினேன்."

"ம்."

"மறுபடியும் எழும்பினார். மறுபடியும் அமுக்கினேன். வாத்தியார் கை இல்லியா, அமுக்கியே பழக்கம். மூணாவது தடவை முகத்தைப் பாத்தேன். உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு. அவரு மரியாதை குடுக்கல சிஸ்டர். படுத்தா அவருக்கு மூச்சே வரல. அந்த மனுசனைத்தான் நான் அமுக்கி அமுக்கிப் படுக்க வச்சிருக்கேன்."

"பிறகு?"

"ஜெபத்தை அப்படியே விட்டுட்டேன். தூக்கி உக்கார வச்சேன். சாஞ்சுக்க ஒண்ணும் இல்லை. மூங்கில் தட்டிச் சுவரு, கை வச்சாலே ஆடுது. கடைசியில என் முதுகைக் குடுத்தேன்."

"முதுகையா?"

"ஆமா. முதுகோட முதுகு ஒட்டி உக்காந்துட்டோம். அவரு அந்தப் பக்கம் பாத்து, நான் இந்தப் பக்கம் பாத்து. கொஞ்ச நேரத்துல மூச்சு சீராச்சு. என் முதுகுலயே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லக் கூச்சமா இருக்கு."

"சொல்லுங்க."

"தூங்கிட்டோம்."

"யாரு?"

"ரெண்டு பேருந்தான்."

அடுப்படியில் சலோமி அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். சத்தம் வெளியே வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சலோமியம்மா! என் வயித்தெரிச்சல் எனக்கு." சார் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "மறுநாள் அந்தப் பொம்பளை வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. அதுக்கு அடுத்த நாளும் வந்தா. நர்ஸ் பிள்ளையை நான்தான் கூட்டிட்டுப் போனேன். மருந்து குடுத்துச்சு. இப்பத் தேறி வாரார். ஆனா நான் செஞ்சது என்ன? கடைசி நாள் வரைக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வசனம் சொல்லல. ஆரம்பிச்ச ஜெபத்துக்கு ஆமென்கூடச் சொல்லல. முப்பத்தாறு வருஷம் கழிச்சுக் கடல் தாண்டிப் போயி, பட்டப்பகல்ல தூங்கிட்டு வந்திருக்கேன். இதுக்கா அன்னைக்கு அத்தனை பேர் முன்னால எழுந்து நின்னேன்?"

சிஸ்டர் கேட்டார்.

"அந்த வீடு எங்க இருக்கு சார்?"

"ஏத்தத்துலதான். தொங்குபாலம் தாண்டி வலது பக்கம். வாசல்ல மாட்டுக் கொம்பு கட்டியிருக்கும்."

"பெரியவருக்கு ஒரு காது மடல் அறுந்திருக்குமா?"

"ஆமா, இடது காது. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"எட்டு வருஷமாத் தெரியும்."

"பேசியிருக்கீங்களா?"

"அந்த வாசல்ல நின்னு பேசியிருக்கேன். அந்த வாசல்ல நின்னு பாடியிருக்கேன். மழையில நின்னிருக்கேன். ஒரு தடவை நாயை அவுத்து விட்டார்."



சிஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைமாதிரி கேட்டார்.

"உள்ள எப்படி இருக்கும் சார்?"

"என்னது?"

"அந்த வீட்டுக்கு உள்ள. நான் பாத்ததே இல்லை."

சார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஒரு அடுப்பு. மேலே பரண், அதில் மக்காச்சோளக் கதிர் தொங்கும். ஒரு மூலையில் தறி. பெரியவர் பாய் ஜன்னல் ஓரம். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாலத்தில் வருகிறவர்கள் எல்லாரும் தெரிவார்கள்.

"அப்ப என்னையப் பாத்திருப்பார்" என்றார் சிஸ்டர்.

"எட்டு வருஷமும் பாத்திருப்பார்."

இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சார் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷத்துப் பாரத்தை யாரோ வாங்கி வைத்துவிட்டதுபோல இருந்ததாம் அவர் முகம். அக்காதான் சொன்னார்.

"சிஸ்டர், அந்த ஜெபத்தை இப்ப முடிச்சிரட்டுமா?"

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"அடுத்த தடவை என்னையக் கூட்டிட்டுப் போங்க. உள்ள வந்து நான் ஆமென் சொல்லுதேன்."

வருகிற ஜூன் மாதம் இரண்டு பேரும் போகிறார்கள். அந்த வீட்டில் பெரியவர் சாய்ந்துகொள்ள இன்னும் ஒன்றும் இல்லையாம். சலோமி அக்கா ஒரு பெரிய திண்டு தைக்கிறார். அதில் அடைக்க உங்களிடம் பழைய நூல் சேலை இருந்தால், துவைத்துக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.