ஆலா பேசாத ஆறு நிமிஷம்

பிள்ளைய அத்தைகிட்ட உறங்க விட்டுட்டு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். கை அதுபாட்டுக்கு வேலை பாக்குது, மனசுதான் சும்மா கிடக்க மாட்டேங்குது. அதுக்குள்ள வந்த கதை இது. இனிமே வரப்போற ஒரு காலத்துல நடந்ததா வச்சுக்கோங்க.

"டீச்சர், பயம் போக ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டார் ஞானதுரை.

"எனக்கே போகலியே அண்ணாச்சி" என்றாள் பூரணி.

ஞானதுரைக்கு ஐம்பத்தெட்டு வயசு. மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, புயலில் மாட்டின போட்டுகளோடு பேசினவர். பூரணிக்கு முப்பத்தஞ்சுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள்தான் டீச்சர்.

செம்மணல் தேரி மேல், வானத்தைப் பார்த்து ஒரு பெரிய தட்டு ஆண்டெனா. அதன் கீழே ஒரு அறை. விண்வெளிக்குப் போனவர்களோடு அந்த அறையிலிருந்துதான் பேசுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம். கீழே நூறு பேர் வேலை பார்த்தாலும், மேலே ஒரே ஒரு குரல்தான் போகவேண்டும். ஆளாளுக்குப் பேசினால் மேலே இருக்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள்.

அந்த ஒரு குரல் பூரணியின் குரல்.

அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஞானதுரை வந்தார். ஏன் வந்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்குப் போயிருந்த 'ஆலா' என்ற கப்பலில் நாலு பேர். அதில் ரெஜினா என்கிறவள் அவர் பெற்ற மகள்.

சொந்தக்காரர்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். குரல் நடுங்கிவிடும் என்று.

முதல் நாள் பூரணி ஒரு துணியைக் கொடுத்து, சுவரில் இருந்த படங்களைத் துடைக்கச் சொன்னாள்.

முதல் படத்தில் ஒரு நாய்.

"இது எதுக்கு டீச்சர்?"

"நமக்கு முன்னால போனது. திரும்பி வரல."

"அதுகிட்ட யாரு பேசினா?"

"யாரும் பேசல அண்ணாச்சி."

அப்புறம் எல்லாம் மனுஷர்கள். ஏறும்போதே போய்விட்டவர்கள், இறங்கும்போது போய்விட்டவர்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படங்களுக்கு நடுவே சுவர் பூராவும் சின்னச் சின்ன ஓட்டை. கடைசியில் வெறும் ஆணி ஒன்று.

"இந்த ஆணி?"

"ஒரு கப்பல் கிளம்பினா ஒரு ஆணி அடிப்போம். இது ஆலாவுக்கு. வந்து சேந்துட்டா புடுங்கிருவோம்."

ஞானதுரை படங்களை எண்ணினார். ஓட்டைகளை எண்ணவில்லை. ஆணியைத் தொடாமலே துணியை மடித்து வைத்துவிட்டார்.

ஒரு வருஷம் படித்தார். பூரணி சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்.

"பயப்படாதேன்னு சொல்லாதீங்க. அப்பத்தான் பயம் வரும். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க. அது நமக்குத் தெரியாது. கப்பல் பேரைச் சொல்லுங்க, ஆள் பேர் கூடாது. மணி சொல்லுங்க. அவ்வளவுதான்."

"இதுக்கு ஒரு கிளி போதுமே டீச்சர்."

"கிளி நாளைக்கு ஒரு கொய்யாப்பழம் கேக்குது. அதான் உங்களை எடுத்தேன்."

ஆலா பூமிக்குத் திரும்பி இறங்குகிற நாள் வந்தது.

காற்றுக்குள் நுழையும்போது கப்பலைச் சுற்றி நெருப்பு மூடும். அந்த நெருப்பைத் தாண்டி எந்தப் பேச்சும் உள்ளே போகாது, வெளியே வராது. ஆறு நிமிஷம் அப்படி.

காலை பதினொன்று பத்துக்கு, "ஜன்னல் சிவக்குது" என்றது மேலிருந்து ஒரு ஆண் குரல். அப்புறம் வெறும் கரகரப்பு.

பூரணி மட்டும் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ஆலா, இது தேரி. ஒரு நிமிஷம் ஆச்சு. இங்க நல்ல வெயில். ஆலா, இது தேரி. ரெண்டு நிமிஷம்."

ஞானதுரைக்குத் தாங்கவில்லை. "அவங்களுக்குத்தான் கேக்காதே. யாருகிட்ட பேசுதீக?"

"ஆலா, இது தேரி. மூணு நிமிஷம்" என்றாள் பூரணி.

ஆறு நிமிஷம் முடிந்தது. கரகரப்பு நிற்கவில்லை.

ஏழு.

மூலையில் ஒருத்தர் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னொருத்தர் சுவரைப் பார்த்துவிட்டு, பார்க்கக்கூடாததைப் பார்த்த மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஆலா, இது..." என்றதோடு பூரணியின் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள். குரல் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஞானதுரை தலையில் மாட்டினாள்.

"பேசுங்க" என்றாள், காற்று மாதிரி.

"என்னால முடியாது டீச்சர். உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். உள்ள இருக்கது..."

"தெரியும். வந்த அன்னைக்கே தெரியும். அந்த ஆணிய மட்டும் துடைக்காம விட்டீகளே. பேசுங்க."

"செத்தவகிட்டயா பேசச் சொல்லுத?" கத்திவிட்டார்.

பூரணி அவர் தோளில் கை வைத்தாள்.

"நெருப்பு எந்த நொடியில விலகும்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது."

"விலகுற அந்த நொடி அவ காதுல என்ன விழணும்?"

ஞானதுரை மைக்கைப் பிடித்தார். ஒரு வருஷம் படித்தது எல்லாம் மறந்துபோனது. கப்பல் பேர்கூட வாயில் வரவில்லை.

"ஏட்டி ரெஜி" என்றார்.

ஆள் பேர் சொல்லக்கூடாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் தடுக்கவில்லை.

"ஏட்டி ரெஜி, அப்பா பேசுதேன். மணி பதினொண்ணு பதினெட்டு. உங்கம்மா சீலா மீன் வாங்கி வச்சிருக்கா. மசாலா அரைக்க ஆள் இல்லன்னு காலையிலேயே என்கிட்ட சண்டை. மணி பதினொண்ணு பத்தொம்பது. எனக்குப் பயமா இருக்குட்டி. பயந்துக்கிட்டுதான் பேசுதேன். நீ ஒண்ணும் பதில் சொல்லாண்டாம். நான் பேசுதேன்."

பத்து நிமிஷம் ஆனது. பதினோரு நிமிஷம் ஆனது.

ஒருத்தர் எழுந்து வந்து, போதும் என்கிற மாதிரி மைக்கை அணைக்கக் கை நீட்டினார். பூரணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"சின்னதுல போட்டுல ஏத்தினா என் கழுத்தையே நெரிச்சிருவியே, ஞாபகம் இருக்கா? அப்பம் உனக்கு நாலு வயசு. தண்ணியைப் பாக்காத, என் மூஞ்சியப் பாருன்னு சொன்னேன். மணி பதினொண்ணு இருபத்திரண்டு. இந்தா, இங்கதான இருக்கேன்..."

அப்போது காதுக்குள், அந்தக் கரகரப்புக்கு நடுவே, லேசாக ஏதோ ஒன்று, மூச்சு விடுகிற மாதிரி, ஞானதுரை பேச்சை நிறுத்தாமலே ஹெட்போனை ரெண்டு கையாலும் காதோடு அழுத்தி... இருங்க, அத்தை கூப்பிடுதாவ, பிள்ள முழிச்சிட்டானாம், கீரைய வச்சிட்டு இன்னா போயிட்டு வந்து...