நண்டு எட்டிப் பார்த்த நட்சத்திரம்

அந்தக் காலத்தில் நண்டுக்குக் கண் முகத்தோடு ஒட்டித்தான் இருந்தது. எல்லாரையும் போல நேராகத்தான் நடந்தது. கடவுள் எல்லா உயிருக்கும் பேச்சைக் கொடுத்திருந்த காலம் அது.

கடலோர வளையில் இருந்த ஒரு நண்டுக்குப் பொழுது சாய்ந்தால் வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. நிலா நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப் போகிறது, வழியில் இருக்கிற நட்சத்திரத்தை மறைக்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் விட்டுவிடுகிறது. பார்த்துப் பார்த்தே அது இதையெல்லாம் தெரிந்துகொண்டது.

அப்போது ஆமைக்கு முட்டையிடும் காலம். கரைக்கு முன்னால் முழுக்கப் பாறை. உள்ளே வர ஒரே ஒரு வழி. அதற்கு நேர் மேலே மாலையில் ஒரு சின்ன நட்சத்திரம் நிற்கும்; அதைப் பார்த்துத்தான் ஆமை கரையேற வேண்டும். தவறினால் பாறையில் மோதி வயிற்று முட்டையெல்லாம் வீணாகிவிடும்.

மறைக்கப் போவதற்கு முதல் நாளே நண்டு ஆமையிடம் போய்ச் சொன்னது: "அக்கா, நாளைக்கு விளக்கு வைக்கிற நேரத்துல நிலா உங்க நட்சத்திரத்தை மறைக்கும். பயந்து திரும்பிடாதீங்க. ஒரு உலை சோறு வேகுற நேரம்தான், அந்தப் பக்கம் வந்துடும்."

பக்கத்தில் நின்ற நாரை சிரித்தது. வளைக்குள் கிடக்கிறவனுக்கு வானத்துக் கதை எதற்கு என்று கேட்டது.

மறுநாள் பிறை வந்தது. ஊதி அணைத்த விளக்கு மாதிரி நட்சத்திரம் பட்டென்று போய்விட்டது. நிலா விழுங்கிவிட்டது, திரும்பிப் போ என்று நாரை கத்தியது. பாறைக்கு வெளியே ஆமை வயிற்றுப் பாரத்தோடு தத்தளித்தது.

"தம்பி, நிஜமா வருமா?"

"வரும்க்கா."

சொல்லிவிட்டதே தவிர, நேரம் ஆக ஆக நண்டுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நிலாவுக்குப் பின்னால் தெரிகிறதா என்று இடப்பக்கம் ஓடிப் பார்த்தது, வலப்பக்கம் ஓடிப் பார்த்தது. நிலாவிலிருந்து பார்வையை மட்டும் எடுக்கவில்லை; முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டிலேயே ஓடியது. எட்டி எட்டிப் பார்த்ததில் கண் இரண்டும் காம்பு போல நீண்டுவிட்டன. ஆண்டவனே, என்னை நம்பி ஒரு தாய் நிற்கிறாள் என்று வேண்டிக்கொண்டது.

பிறையின் வெளிச்ச ஓரத்தில் மூக்குத்திப் பொட்டாக ஒன்று மினுங்கியது.

"அக்கா, வந்துடுச்சு. வாங்க!"

ஆமை பாறை உரசாமல் உள்ளே வந்து, மணலில் குழி பறித்து, நிம்மதியாக முட்டையிட்டது.

விடிந்ததும் நண்டு வளைக்குக் கிளம்பியது. கால் பக்கவாட்டில்தான் போனது.

"என்னப்பா, நேரா நடக்க மறந்துட்டியா?" என்றது நாரை.

"இருக்கட்டுமே. எங்கக்கா நேரா வந்து சேர்ந்தாங்க இல்ல."

அன்று முதல்தான் நண்டு கண்ணைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகிறது. கிட்டே போனால் நம்மைப் பார்த்துப் பயந்து ஓடுகிறது என்று நினைக்கிறோம். நாம் நிலாவை மறைக்கிறோம், அதனால் தள்ளிப் போய்ப் பார்க்கிறது, அவ்வளவுதான்.