முப்பத்தொன்றாம் பக்கத்து வரி

"ஏழு மாசம் நடந்திருக்கேன், மேடம். முந்நூத்தி இருபது வீடு. ஆள் வச்சு எழுதல. என் காலால நடந்து, என் கையால எழுதுனது. நாலாவது தடவையாத் திருப்பித் தர்றீங்க. தப்பு எங்கேன்னாவது சொல்லுங்களேன்!"

மருத்துவர் அருமைநாயகம் தம் ஆய்வேட்டை மேசைமீது வைத்தார். வைத்தார் என்பதைக் காட்டிலும் போட்டார் என்பதே பொருந்தும்.

தென்கோடியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தவர் அவர். நாற்பத்தேழாம் வயதில், பொதுச் சுகாதாரம் படிப்பதற்கென்று விடுப்பு வாங்கிக்கொண்டு பெருநகரத்துக்கு வந்து சேர்ந்தவர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு வழிகாட்டியின் கையெழுத்தோடு அலுவலகம் சேர வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்து. விடுப்போ அந்த மாதத்தோடு முடிகிறது.

அன்று திங்கட்கிழமை.

வழிகாட்டியான பேராசிரியை ஹமீதா அவரைவிட எட்டு வயது இளையவர். ஆய்வேட்டின் முடிவுரையை மட்டும் மறுபடி ஒருமுறை படித்தார். கால்வாய்க்கரைக் குடியிருப்பில் மஞ்சள் காமாலை மற்ற பகுதிகளைவிட மிகுதியாக இல்லை. ஆகவே அங்கே குடிநீர்க் குழாய்களை மாற்ற வேண்டியதில்லை என்று அது கூறிற்று.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க, டாக்டர்," என்றார். "கையெழுத்தைப் பத்திப் பேசுவோம்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அறை பூட்டியிருந்தது.

அருமைநாயகம் அரைமணி நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். மாலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"வந்தீங்களா? பூட்டியிருந்துச்சா? அப்போ நாளைக்கு வாங்க. அதே பதினொரு மணி."

"வேற நேரம் சொல்லுங்க, மேடம். காலையில எட்டு மணிக்குன்னாலும் வர்றேன்."

"பதினொரு மணிதான் உங்களுக்குப் பழக்கப்பட்ட நேரம்."

அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் மனநிலையிலும் அவர் இல்லை.

புதன்கிழமையும் பூட்டு. எதிர்ச்சுவரில் எலிக்காய்ச்சலைப் பற்றி ஒரு சுவரொட்டி இருந்தது. அதை எட்டு முறை வாசித்தார். ஒன்பதாம் முறை, எலியின்மீதே கோபம் வந்தது.

வியாழக்கிழமை, அவருக்கு முன்பே பூட்டு வந்து காத்திருந்தது.

துறையின் உதவியாளர் முனிரத்தினம் தேநீர்க் குவளைகளோடு அவ்வழியே வந்தார். மூன்று நாளாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

"இன்னா டாக்டரே, இன்னிக்கும் தரிசனம் இல்லியா?"

"நீங்களே சொல்லுங்க முனிரத்தினம். நேரம் குறிச்சுக் குடுத்துட்டு, ஆளக் காணோம்னா என்ன அர்த்தம்?"

"அதுக்கு இன்னாத்துக்கு இம்மாங் கோவம்? பக்கத்து ரூம்ல கோதண்டபாணி சார் சும்மாத்தான் குந்திகினுகீறாரு. அவரும் புரொபசருதான். அவராண்ட ஒரு கையெழுத்த வாங்கினு போய்கினே இருங்க."

"யோவ், வெளையாடுறீரா?" அருமைநாயகத்தின் மூன்று நாள் பொறுமை அங்கே அறுந்தது. "என் ஆய்வைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? இந்தக் கதவு பூட்டியிருக்குன்னா அடுத்த கதவைத் தட்டிட்டுப் போறதா? அவர் கையெழுத்து எப்படிய்யா இவங்க கையெழுத்தாகும்?"

நடைகூடமே திரும்பிப் பார்த்தது.

"ஆகாதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பேராசிரியை நின்றுகொண்டிருந்தார், கையில் சாவியோடு.

"எப்படி மேடம் ஆகும்? அவர் வேற, நீங்க வேற."

பேராசிரியை பூட்டைத் திறந்தார். நாற்காலியில் அமர்ந்தார்.

அருமைநாயகம் அமரவில்லை.

"மூணு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இங்க நிக்கேன். நீங்க எங்கதான் போயிருந்தீங்க?"

பேராசிரியை முதன்முறையாகப் புன்னகைத்தார்.

"ஏழு மாசத்துல நீங்க கேட்ட முதல் நல்ல கேள்வி இதுதான், டாக்டர்."

பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கையெழுத்து இப்பவே போடறேன். முப்பத்தொண்ணாம் பக்கத்துல, அடியில ஒரு வரி எழுதியிருக்கீங்க. அதை மட்டும் வாய்விட்டு வாசிங்க. வாசிச்சு முடிச்சதும் போட்டுடறேன்."

அருமைநாயகம் பக்கங்களைப் புரட்டினார். பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல, சலிப்பை மறைக்காமல் வாசிக்கத் தொடங்கினார்.

"'காலை பதினொரு மணியளவில் சென்றபோது பூட்டியிருந்த அறுபத்து நான்கு வீடுகளுக்குப் பதிலாக, அவற்றை அடுத்துத் திறந்திருந்த வீடுகள்...'"

குரல் நின்றது.

வாசலில் தேநீரோடு நின்ற முனிரத்தினம், "அப்பால?" என்றார்.

பேனா திறந்தபடியே இருந்தது.

"எந்த இடத்துல போடணும், டாக்டர்?"

அருமைநாயகம் ஆய்வேட்டை மூடினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார், இன்னும் கோபம் ஆறாதவராக.

"தெரியும்."

"ஒரு வருஷம் போச்சு."

"போச்சு."

"இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அந்த வரியை மட்டும் அடிச்சிட்டுக் கொண்டாந்திருப்பீங்க."

அருமைநாயகம் அறையை விட்டு வெளியேறினார்.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணி. கால்வாய்க்கரையில் இன்னும் சரியாக விடியவில்லை. விடுபட்ட அறுபத்து நான்கு வீடுகளின் பட்டியல் அவர் கையில் இருந்தது. அதில் முதல் வீட்டின் கதவைத் தட்டினார்.

ஈரத் தலையோடு ஒரு பெண் கதவைத் திறந்தார். வேலைக்குக் கிளம்பும் கோலம். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"யாரு சார்? இன்னேரத்துல?"

"சுகாதார ஆய்வும்மா. மார்ச் மாசம் பன்னெண்டாம் தேதி வந்திருந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு."

"பூட்டித்தான் இருந்திருக்கும். சீக்கிரம் கேளு சார், ஆறு மணி பஸ்ஸ உட்டா வேலை பூடும்."

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. அவர் கேட்க நினைத்தது அவற்றில் இல்லை.

"அன்னைக்கு எங்கம்மா போயிருந்தீங்க?"

அந்தப் பெண் தூக்கைக் கீழே வைத்தார்.

"இத்தினி நாளா ஒர்த்தரும் இதக் கேக்கல சார். அந்த மாசம் முச்சூடும் பெரியாஸ்பத்திரியாண்டதான் கெடந்தோம். ரெண்டு பசங்களுக்கும் காமாலை. கண்ணு, நகம்லாம் மஞ்சளாப் பூட்ச்சு. நாங்க மட்டுமில்ல. இதோ எதிர்வூடு, அதோ அந்தக் கோடிவூடு, எல்லாம் ஒரே வார்டுதான்."

அருமைநாயகம் பட்டியலைப் பார்த்தார்.

எதிர்வீடு இரண்டாவதாக இருந்தது. கோடிவீடு மூன்றாவது.