வடக்கி முகம் மறைத்த கதை

அந்தக் காலத்தில் பூமியும் கிடையாது, சூரியனும் கிடையாது. அண்டம் முழுக்க ஒரே கொதிகுழம்பு. அதில், பிற்பாடு அணுக்கருவுக்குள் அடைபடப்போகிற குவார்க்குகள் என்ற பொடியர்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, தனித்தனியே இஷ்டத்துக்குச் சுற்றித் திரிந்தார்கள். ஒவ்வொருவன் உடம்பிலிருந்தும் ஒரு நூல் கிளம்பிக் கூட்டாளிகளிடம் போகும். அது தொளதொளவென்று கிடந்ததால் யாரையும் கட்டிப்போடவில்லை.

நூல்கள் தளர்ந்து கிடக்க இடம் விட்டுத் தள்ளித் தள்ளி நின்றவர்கள் ஒற்றைமுனைகள். காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு முனை உண்டே, அதில் ஒன்று மட்டும் வாய்த்த பிறவிகள் அவர்கள். வடக்கி அவர்களில் ஒருத்தி.

ஒருநாள் சேந்தன் என்ற சிவப்புக் குவார்க் அவளிடம் வந்தான்.

"அக்கா, குளிர் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க. அதுக்குள்ள இந்தக் குழம்போட ஓரத்தப் பாத்துட்டு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் நீ நகராத. நகர்ந்தா என் நூல் இறுகிடும்."

"போயிட்டு வாடா. நான் எங்க போகப்போறேன்?" என்றாள் வடக்கி.

குளிர் சொன்னதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. ஒற்றைமுனைகள் வெடவெடவென்று நடுங்கி, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். "தனியா நின்னு ஏன் விறைக்கிற? வா" என்று அவளையும் கூப்பிட்டார்கள். முதலில் மறுத்தாள். பிறகு, ஒரு நொடிதானே என்று கூட்டத்துக்குள் புகுந்தாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. சேந்தனை அவள் மறந்தேபோனாள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்வது.

அவள் விட்ட இடம் மூடிக்கொண்டது. நாலாபுறமும் நெருக்கியதில் எல்லாக் குவார்க்குகளின் நூலையும் போலச் சேந்தனின் நூலும் நசுங்கி, முறுக்கேறிய கயிறாகிவிட்டது. ஓரத்துக்கு ஓர் எட்டு மிச்சம் இருந்தபோது அது அவனைச் சுண்டி இழுத்து, பச்சையன், நீலன் என்ற கூட்டாளிகளோடு சேர்த்துக் கட்டியது.

வடக்கி பதறி விலகினாள். அவள் ஒருத்தி விலகி என்ன ஆகும்? மற்றவர்கள் அசையவில்லை.

சேந்தன் அவளைத் திட்டவில்லை. "நீ நின்னுக்கிட்டிருப்பேன்னு நெனச்சேன், அக்கா" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. உடம்பெல்லாம் கூசிப்போய், பக்கத்தில் நின்ற தெற்குமுனை ஒருத்தியைப் பிடித்திழுத்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அன்று முதல்தான் எந்தக் குவார்க்கும் தனியே வெளியே வருவதில்லை. காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் வடக்கு மட்டும் தனியாக அகப்படுவதும் இல்லை; உடைக்க உடைக்க இன்னொரு தெற்கின் முதுகைத் தேடி ஓடுகிறாள் வடக்கி, சேந்தன் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று.