மாஸ்டரைத் தொடாதீங்க

குலதெய்வத்தின் மேல் ஆணை, என் இரண்டு கண்ணின் மேலும் ஆணை, சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. எங்கே உங்களுக்குப் பொய் மாதிரி தெரிகிறதோ, அங்கேதான் நான் குறைத்துச் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில், கட்டடப் பிளான் போட்டுத் தருகிற ஆபீஸ் ஒன்று இருந்தது. நடத்துகிறவர் இன்ஜினியர் சுந்தரவடிவேல். கம்ப்யூட்டரில் படம் போட நாச்சிமுத்து, செங்கோடன், ராக்கியண்ணன் என்று மூன்று பேர். மூவரும் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். சங்கடமே அதில்தான்.

நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்காத நேரம் அது. போர்வெல் லாரி வைத்திருக்கிற அத்தியப்பன் ஒரு கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். பிளான் இவன் கையில். அவர் மகள் கோகிலவாணியைத்தான் இவனுக்குப் பேசியிருந்தது. அத்தியப்பன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "பிளான் புடிச்சா பொண்ணு. புடிக்கலீன்னா ரெண்டையும் வேற எடத்துல பாத்துக்கறேன்."

இந்த நேரம் பார்த்து இன்ஜினியர் மகளின் பிரசவத்துக்குப் புனே கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றபடியே சொன்னார்:

"ஒவ்வொரு கதவையும் உக்காந்து வரையாதீங்கடா. ஒரு கதவை வரைஞ்சு லைப்ரரியில போட்டிருக்கேன். எங்கெங்க வேணுமோ எடுத்து வெச்சுக்குங்க. மாஸ்டரை மட்டும் தொட்றாதீங்க. அதுல கை வெச்சா அத்தனை கதவும் மாறிப்போயிரும்!"

லைப்ரரி என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஓர் அலமாரி. அதிலுள்ள மூலப் படத்துக்குத்தான் மாஸ்டர் என்று பேர். பிளானில் வைக்கிற கதவெல்லாம் அதன் நிழல். மூலத்தைத் திருத்தினால் நிழல்களெல்லாம் கூடவே திருந்தும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த மாடியில் மாஸ்டர் என்றால் ஒருத்தர்தான்: கீழே டீ ஆற்றுகிற மாதேஸ்வரன்.

"டீ மாஸ்டருக்கும் கதவுக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்றான் ராக்கியண்ணன்.

"படிச்சவரு சொல்றாரு, இல்லாமயா இருக்கும்?" என்றான் நாச்சிமுத்து.

செங்கோடன் முகம் வெளிறிவிட்டது. "காலைல கிளாஸ் வாங்கறப்ப அவரு மேல விரல் பட்டுருச்சே!"

"எந்த விரலு?"

"சுண்டு விரலு."

நாச்சிமுத்து யோசித்தான். "சுண்டு விரல்னா ஜன்னலோட போயிருக்கும். கதவு தப்பிச்சுது."

அன்றிலிருந்து மாஸ்டர் நீட்டுகிற கிளாஸை ராக்கியண்ணன் இடுக்கியால் வாங்கினான்.

"ஏண்டா, எனக்கு அம்மையா போட்டிருக்கு?" என்றார் மாதேஸ்வரன்.

"உங்க நல்லதுக்குத்தானுங்க மாஸ்டர்."

பிளான் பாதி ஏறியபோது அத்தியப்பனிடமிருந்து போன். வாசக்கதவு ரெட்டைக் கதவாக இருக்க வேண்டும், நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் ஆளுயர யானை. நாச்சிமுத்து லைப்ரரியைத் திறந்தான். அதிலிருந்த கதவை அகலமாக்கி, லட்சுமியை உட்காரவைத்து, யானைகளை நிறுத்தினான். மாஸ்டரைத் தொடவில்லை. மாஸ்டர்தான் கீழே வடை போட்டுக்கொண்டிருந்தாரே.

பிளானைத் திறந்தால், மணமகள் அறைக்கு யானை. சமையல்கட்டுக்கு யானை. கக்கூஸ் வரிசை முழுக்க யானை. அறையைவிடக் கதவு பெரிது; ஒவ்வொரு யானையின் பின்பக்கமும் கை கழுவுகிற தொட்டிக்குள் இருந்தது.

"எவனோ மாஸ்டரைத் தொட்டுட்டான்!"

மூவரும் கீழே ஓடினார்கள். மாதேஸ்வரனின் வலது கையில் வெள்ளையாக ஒரு கட்டு.

"கையில என்னங்க மாஸ்டர்?"

"பால் கொட்டிருச்சு. டாக்டர் கட்டுப் போட்டாரு."

"தொட்டாரா?"

"தொடாம எப்படிடா கட்டுப் போடுவாரு?"

நாச்சிமுத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "போச்சு. ஒரு டாக்டரால எங்கல்யாணம் நின்னு போச்சு."

புனேவுக்குப் போன் போட்டார்கள். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே இன்ஜினியர் கத்தினார்: "தொடாதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேனேடா! முதல்ல மாஸ்டரை லாக் பண்ணுங்க. அப்புறம் ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வையுங்க!"

தொடாமல் எப்படி மேலே கொண்டுவந்து பூட்டுவது? ராக்கியண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். படியில் நின்று, "மாஸ்டர், பிரிண்டர் ரூம்ல பால் பொங்குதுங்க!" என்று கத்தினான். பழக்க தோஷம், மாதேஸ்வரன் கரண்டியோடு ஓடி வந்தார். கதவைச் சாத்திப் பூட்டினார்கள். காப்பி ஏற்கெனவே உள்ளே, அவர் கைக்கு எட்டாத உயரத்தில், மூடி போட்டு இருந்தது.

"டேய், நான் காப்பி குடிக்கறதே இல்லடா!"

"குடிக்கக் கூடாதுங்க மாஸ்டர். பத்திரமா வெக்கணும்."

அந்த நேரம் அத்தியப்பன் வந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டார்.

"இது என்ன?"

"கக்கூஸுங்க மாமா."

"கக்கூஸுக்கும் யானையா?"

அத்தியப்பன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"எம் பங்காளி மண்டபத்துல வாசலுக்கே யானை இல்ல. நம்ம மண்டபத்துல ஒண்ணுக்குப் போறவனைக்கூட யானை 'வாங்க'ங்குது. மாப்ளே! ஒரே குறைதான். தும்பிக்கையெல்லாம் தொங்குது. தொங்கினா விருத்தி இல்ல. அத்தனையும் இப்பவே, எங்கண்ணு முன்னால மேல தூக்கணும். இல்லீன்னா பொண்ணை மறந்துருங்க."

மூவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுத்தார்கள்.

"ஒவ்வொரு யானையா தூக்கறதுக்குள்ள மாமா கெளம்பிருவாரு."

"மாஸ்டர்ல கை வெச்சா அத்தனையும் மாறும்னாரே?"

"எந்தக் கையில?"

"கட்டுப் போட்ட கையிலதான். அதுலதானே யானையே வந்துச்சு."

பூட்டைத் திறந்தார்கள். நாச்சிமுத்து குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு மாஸ்டரின் வலது கையைப் பிடித்து மேலே தூக்கினான். ராக்கியண்ணன் முழங்கையைத் தாங்கினான். செங்கோடனோ கம்ப்யூட்டர் முன்னால் சும்மா இருக்கமாட்டாமல், லைப்ரரிக் கதவைத் திறந்து, தும்பிக்கை எவ்வளவு உயரம் போனால் எடுப்பாக இருக்கும் என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிருச்சு!" என்று அலறினார் அத்தியப்பன். "அத்தனை யானையும் தூக்கிருச்சு!" வெற்றிலைபாக்கை அங்கேயே, பிரிண்டர் மேலேயே வைத்து மாற்றிக்கொண்டார்கள்.

மண்டபத்தின் முதல் முகூர்த்தமே நாச்சிமுத்து கல்யாணம்தான். மேடைக்குப் பக்கத்தில் பட்டு விரித்த நாற்காலியில் மாஸ்டர், வலது கை மேலே. அவர் கையை இறக்கினால் தும்பிக்கை இறங்கிவிடுமே? கைக்கு முட்டுக் கொடுத்து ஒரு கம்பு நட்டிருந்தார்கள்.

தாலி கட்டி முடித்து நாச்சிமுத்து கும்பிட வந்தபோது, மாஸ்டர் கெஞ்சினார்: "தொண்டை வறளுதுடா மாப்ளே. அந்தக் காப்பியாவது குடுங்கடா."

"அது பத்திரமா இருக்குங்க மாஸ்டர்" என்றான் நாச்சிமுத்து.

கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்ன ஆள் யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். எனக்குத் தினமும் டீ அந்தக் கடையில்தான். பாவம், மனுசன் இன்னமும் இடது கையால்தான் ஆற்றுகிறார்.