தண்ணி காட்டிய தோட்டக்காரி

முன்னொரு காலத்தில் ஆம்பலூர் நாட்டைக் கிள்ளிவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் ஊஞ்சலில்தான் இருப்பான்.

ஒருநாள் பக்கத்து நாட்டு அரண்மனை வாசலில் பச்சைப் புல்தரையைப் பார்த்துவிட்டு வந்தான். அவ்வளவுதான். "நமக்கும் வேண்டும், நாளைக்கே!" ஆற்றங்கரைப் புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டிவந்து, பாய் விரித்த மாதிரி பதித்தார்கள். அதைப் பிழைக்கவைப்பது தோட்டக்காரி பேச்சியம்மையின் பொறுப்பு. புல் போனால் அவள் வேலையும் போகும், அரண்மனைக் கொல்லையில் குடியிருக்கும் வீடும் போகும்.

முதல் பதினைந்து நாள் காலையும் மாலையும் தெளித்தாள். அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை, விடியற்காலையில், மண் ஒரு சாண் நனைகிற மாதிரி தண்ணீர் விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அரண்மனை மேற்பார்வையாளர் மருதப்பருக்கு இது போதாதா? தோட்ட வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க வெகுநாளாக அலைகிற மனிதர். சபையில் போய்க் கைகட்டி நின்றார்.

"மகாராஜா, சொல்ல நாக்கு கூசுகிறது. பேச்சி உங்களுக்குத் தண்ணி காட்டுகிறாள்."

"எனக்கா? புல்லுக்கல்லவா காட்டச் சொன்னேன்?"

"அதற்குத்தான் காட்டுவதில்லை! ராஜா வீட்டுப் புல், மூன்று நாள் பட்டினி!"

பேச்சியம்மையை அழைத்தார்கள்.

"என்ன பேச்சி, தண்ணி காட்டுகிறாயாமே?"

"ஆமா ராசா, காட்டத்தான் செய்யிறேன். ஊட்டுறதில்லே. ஆழத்துல காட்டினா வேர் தேடிக்கிட்டுக் கீழே போகும். வேளாவேளைக்கு ஊட்டினா வாயைத் திறந்துக்கிட்டு மேலேயே கிடக்கும்."

"வாயைப் பாருங்கள்!" என்றார் மருதப்பர். "பாதித் தரையை என்னிடம் விடுங்கள் மகாராஜா. பத்தே நாள்."

நடுவில் கயிறு கட்டினார்கள். மருதப்பர் குடைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, ஆறு ஆட்களை விட்டு நாள் முழுக்க ஊற்றவைத்தார். பத்தாம் நாள் அவர் பக்கம் பளபளவென்று இருந்தது. பேச்சியம்மை பக்கம் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

ராஜாவுக்கு யோசிக்கிற வேலை மிச்சம். "பேச்சி, மூட்டையைக் கட்டு."

"கட்டுறேன் ராசா. அதுக்கு முன்னாடி மருதப்பர் ஐயாவை அவர் பக்கத்துப் புல்லுல ஒரு மூலையைப் பிடிச்சு லேசா தூக்கச் சொல்லுங்க."

தூக்கினார். வெந்த தோசை கல்லைவிட்டுக் கிளம்புகிற மாதிரி பத்தை கையோடு வந்தது. அடியில் கொழகொழவென்று சேறு. வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாற்றம் மட்டும் தாராளமாக இருந்தது.

"இப்ப இந்தப் பக்கம், ஐயா."

இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். தலைப்பாகை வந்தது, புல் வரவில்லை.

"இது ஏன் வரவில்லை?" என்றான் ராஜா.

"இது இங்கே குடியிருக்கு ராசா. அது சும்மா சாப்பிட்டுக்கிட்டிருந்தது."

ராஜா மருதப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கூட வந்திருந்த சபையோரில் பலர் தரையைப் பார்த்தார்கள்.

தோட்ட மேற்பார்வை அன்றே பேச்சியம்மைக்கு, வீடு அவளுக்கே சொந்தம். அழுகிய பாதியில் புதுப் புல்லை மருதப்பரும் மைத்துனரும் தங்கள் கையால் பதிக்க வேண்டும், பேச்சியம்மை சொல்கிறபடி.

தீர்ப்புச் சொன்ன சந்தோஷத்தில் ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் வைக்க ஒரு காலைத் தூக்கினான்.

"ராசா, காலு! இன்னும் பதினஞ்சு நாளைக்கு யாரும் மிதிக்கப்படாது."

"நான் ராஜா, பேச்சி."

"அது புல்லுக்குத் தெரியாதே, ராசா."

ராஜா தூக்கின காலை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்புக்குள்ளேயே வைத்தான்.