மன்னர் தலைக்கு மேல் ஒரு துரோகி

மழை வந்தால் மங்கலபுரி அரண்மனையில் முதலில் அண்டாக்கள்தான் வெளியே வரும். கொலுமண்டபத்தில் தூணுக்கு ஓர் அண்டா, மந்திரிக்கு ஒரு தோண்டி என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். சிம்மாசனத்துக்கு மட்டும் குடை. அது பெருமைக்குப் பிடிக்கிற குடை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒழுகலுக்குப் பிடிக்கிற குடை என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும்.

குடை பிடிப்பவன் பெயர் தாண்டவன். மன்னருக்குப் பேச்சுத்துணையும் அவன்தான். மன்னர் காளிங்க பூபதி நல்லவர். என்ன, கோபம் வந்தால் மட்டும் யோசிக்க மாட்டார்.

அன்று நல்ல மழை. அயல்நாட்டுத் தூதுவர் ஓலையை நீட்டினார். வாங்குவதற்காக மன்னர் குடையைத் தாண்டிக் குனிந்தார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. தூதுவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"யார் இதற்குப் பொறுப்பு?" என்று கத்தினார் மன்னர்.

மராமத்து அதிகாரி மணவாளர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "கொத்தன் முத்திருளன்தான் மகாராஜா. வருஷா வருஷம் பூசுகிறான். வருஷா வருஷம் ஒழுகுகிறது."

முத்திருளனை இழுத்து வந்து நிறுத்தினார்கள். "மகாராசா, மொட்டை மாடியில தண்ணி கட்டி நிக்குது. போக வழியில்லாம விரிசல்ல இறங்குது. கீழ நின்னுக்கிட்டு உள்பக்கமாப் பூசுனா எப்படி நிக்கும்? ஒரே ஒரு நா மேல ஏற விட்டாப் போதும், சரி பண்ணிருவேன்."

"மேலேயா!" மணவாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அரண்மனை விதி தெரியுமா உனக்கு?"

விதி என்னவென்றால், மன்னரின் தாத்தா காலத்தில் மாடியில் வேலை செய்த ஒருவன் செங்கல் துண்டைத் தவறவிட்டான். அது நேராகக் கிரீடத்தில் விழுந்தது. அன்றிலிருந்து அரண்மனைக்குள் மன்னர் தலைக்கு மேலே எவன் காலும் போகக் கூடாது. மன்னர் வேட்டைக்குப் போயிருந்தாலும் சிம்மாசனம் இருக்கிறதே என்பார் மணவாளர். அவருக்கும் அது வசதி. மேலே ஏறினால் வேலை வந்துவிடுமே!

மன்னர் தீர்ப்புச் சொன்னார். "மேலே ஏறாமலே சரி செய். அடுத்த மழையில் ஒரு சொட்டு விழுந்தாலும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

முத்திருளனின் மனைவி நிறைமாதம். தாண்டவன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு சொட்டு விழுந்த இடத்தை அண்ணாந்து பார்த்தான்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. சபை கூடியதும் தாண்டவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"மகாராஜா! மோசம் போய்விட்டோம். உங்கள் தலைக்கு மேலே ஒருவன் நிற்கிறான்!"

"என்ன உளறுகிறாய்?"

"தோட்டத்துக் கோடியிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். ஐந்தாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறான் போலிருக்கிறது. உங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு உங்கள் சுவரையே பிளக்கிறான்."

"பிடித்து வாருங்கள் அந்தத் துரோகியை!"

காவலர்கள் பாய்ந்தார்கள். மாடிப்படிக்கு முன்னால் போய் அப்படியே நின்றார்கள். ஏறினால் அவர்களும் துரோகிகள் ஆகிவிடுவார்களே!

"விதிப்படி அங்கே ஏறக்கூடியவர் ஒரே ஒருவர்தான் பிரபோ" என்றான் தாண்டவன். "உங்கள் கால் மட்டும்தான் உங்கள் தலைக்கு மேலே போகாது."

மன்னர் வாளை உருவிக்கொண்டு படியேறினார். தாண்டவன் குடையோடு ஐந்து படி பின்னால் போனான்.

மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அழுகிய இலை, காக்கைக் கூட்டுக் குச்சி, பாசி. மன்னர் வழுக்கி, சமாளித்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கே அவன்?"

"உங்கள் எதிரில்தான்."

மழைநீர் போக வேண்டிய தூம்பின் வாயில் இடுப்பளவுக்கு ஓர் ஆலங்கன்று நின்றது. அதன் வேர் தூம்பை அடைத்துக்கொண்டு தளத்துக்குள் இறங்கியிருந்தது. இறங்கிய இடத்தில் விரிசல். அதற்கு நேர் கீழேதான் சிம்மாசனம்.

மன்னர் வாளை உறையில் போட்டார். "ஒரு செடிக்காகவா அந்தக் குடும்பத்தைத் துரத்தப் பார்த்தேன்?"

"நீங்கள் இங்கே நிற்கும்வரை யார் ஏறி வந்தாலும் அவர் கால் உங்கள் தலைக்குக் கீழேதான் பிரபோ. கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு."

முத்திருளன் கடப்பாரையோடு ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்து மணவாளர் முற்றத்துக்கு வந்து, தூம்புக்கு நேர் கீழே நின்று, "மகாராஜா! விதி! விதி!" என்று கூவினார்.

முத்திருளன் கன்றை ஒரு நெம்பு நெம்பினான். இத்தனை வருஷத்துச் சேறும் இலையும் தண்ணீரும் மொத்தமாகக் கீழே கொட்டின.

மன்னர் எட்டிப் பார்த்தார். "மணவாளரே, தண்ணீர் போகிறதா?"

"போ... போகிறது மகாராஜா."

மன்னர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் முற்பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். முத்திருளன் வேரைத் தோண்டி எடுத்து, வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பை விரிசலில் இடித்து இறக்கினான்.

பத்தாம் நாள் பேய்மழை. பழக்க தோஷத்தில் சபையே அண்ணாந்து பார்த்தது. ஒரு சொட்டு விழவில்லை. முத்திருளனுக்குப் பட்டும், அவன் வீட்டில் பிறந்திருந்த பெண் குழந்தைக்குத் தங்க அரைஞாணும் கிடைத்தன.

"இனி வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் நான் மேலே போய் உட்காருவேன்" என்றார் மன்னர். "முத்திருளன் தூம்பைச் சுத்தம் செய்வான். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று மணவாளர் கீழே நின்று பார்த்துச் சொல்வார். போன தடவை நின்ற அதே இடத்தில்."

மணவாளர் எச்சில் விழுங்கினார்.

"தாண்டவா, உனக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு என்ன இருக்கிறது பிரபோ? ஒழுகல் நின்றதும் என் வேலையும் போய்விட்டது." தாண்டவன் குடையை மெல்ல மடக்கினான். "ஆனால் இதை மட்டும் மணவாளரிடம் கொடுக்க உத்தரவு வேண்டும். ஆடி மாதம் அவருக்குத் தேவைப்படும்."